வேக்குவம் போட்டால் கொதிநிலை எவ்வளவு இறங்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் ரோட்டாவேப்பர் (குடுவையைச் சுழற்றி, வேக்குவத்தில் திரவத்தை வடிக்கும் கருவி) முன்னால் நின்று கேட்கும் கேள்விகள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை. ஒவ்வொரு ஜூன் மாதமும் அதையே வாயால் சொல்லிச் சலித்துப்போய் எழுதி வைத்தது இது. வேறு மாதிரி சொல்லாத இடங்களில் எல்லா அழுத்தமும் முழு அழுத்தம் (உள்ளே மிச்சம் இருக்கும் அழுத்தம்), மி.மீ. பாதரசத்தில்; வெப்பநிலை செல்சியஸில். 760 மி.மீ. என்பது 1013 மில்லிபார். 1 மி.மீ. என்பது 1.33 மில்லிபார். டார் என்று போட்டிருந்தால் அதுவும் மி.மீ.யும் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

வேக்குவத்தில் திரவம் ஏன் சீக்கிரம் கொதிக்கிறது?

எந்தத் திரவமும் எந்த வெப்பநிலையிலும் கொஞ்சம் ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும். அந்த ஆவி வெளியே தள்ளும் அழுத்தம், மேலிருந்து அமுக்கும் அழுத்தத்துக்குச் சமமாகும் நேரத்தில் திரவத்துக்குள்ளேயே குமிழி உருவாகி நிற்க முடிகிறது. அதைத்தான் கொதிப்பது என்கிறோம். தண்ணீரின் ஆவி அழுத்தம் 30 டிகிரியில் 32 மி.மீ., 40இல் 55, 60இல் 149, 80இல் 355, 100இல் 760. இதே வரிசையைத் திருப்பிப் படியுங்கள்: 55 மி.மீ. அழுத்தத்தில் தண்ணீர் 40 டிகிரியில் கொதிக்கும். கொதிநிலை என்பது திரவத்தின் நெற்றியில் எழுதி ஒட்டிய ஒற்றை எண் அல்ல. பாடப்புத்தகம் 760க்கான எண்ணை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதால் வரும் குழப்பம் இது.

அழுத்தத்தைப் பாதியாக்கினால் கொதிநிலையும் பாதியாகுமா?

ஆகாது. கிளிசராலை எடுத்துக்கொள்வோம். 760 மி.மீ.யில் 290 டிகிரி. அந்தச் சூட்டில் அது கொதிப்பதோடு சிதையவும் செய்யும், அதனால்தான் பள்ளிப் பாடத்திலேயே குறைந்த அழுத்தத்தில் வாலை வடிப்பதற்கு அதை உதாரணம் காட்டுகிறார்கள். 100 மி.மீ.யில் 220, 10இல் 167, 1இல் 125.

இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 760இலிருந்து 100க்கு வர 660 மி.மீ. உறிஞ்ச வேண்டியிருக்கிறது, அதற்குக் கிடைப்பது 70 டிகிரி. 10இலிருந்து 1க்கு வர உறிஞ்சுவது வெறும் 9 மி.மீ.; கிடைப்பதோ 42 டிகிரி. எத்தனை மி.மீ. குறைத்தோம் என்பதில் ஒன்றுமில்லை, எத்தனை மடங்கு குறைத்தோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அழுத்தம் ஒருமுறை பாதியாகும்போது கொதிநிலை 10 முதல் 20 டிகிரி இறங்கும் என்று மனக்கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஆக, கடைசி ஐந்தாறு மி.மீ. தங்கம் மாதிரி. கேஜ் (அழுத்தமானி), கிரீஸ், ரப்பர் டியூப் எல்லாம் ஏமாற்றுவதும் சரியாக அந்த இடத்தில்தான்.

கட்டுரையில் ‘93/10’ என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு 120 டிகிரியில் வடிகிறது. வேறு பொருளா?

அவசரப்பட வேண்டாம். சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது கொதிநிலை, பின்னால் இருப்பது அழுத்தம். நீங்கள் சொல்வது பென்சைல் ஆல்கஹால் என்றால் 10 மி.மீ.யில் 93 டிகிரி, 40 மி.மீ.யில் 120. உங்கள் பொருள் சரி. உங்கள் வேக்குவம்தான் கட்டுரைக்காரர் வேக்குவம் இல்லை. அழுத்தத்தை எழுதாமல் கொதிநிலையை மட்டும் குறிப்பேட்டில் எழுதுவது, ஊர் பெயர் போடாமல் கதவு எண்ணை மட்டும் எழுதுவது மாதிரி.

வேறொரு அழுத்தத்துக்குக் கொதிநிலையைக் கணக்குப் போட முடியுமா?

முடியும். கிளாசியஸ்-கிளாபிரான் சமன்பாடு இருக்கிறது. கெல்வினில் தெரிந்த கொதிநிலையின் தலைகீழை எடுங்கள். அழுத்த விகிதத்தின் (புதிய அழுத்தம் வகுத்தல் பழைய அழுத்தம்) இயல் மடக்கையை வாயு மாறிலியால் (8.314) பெருக்கி, ஆவியாதல் வெப்பத்தால் வகுத்து, அதிலிருந்து கழியுங்கள், கிடைப்பதைத் திரும்பத் தலைகீழாக்கினால் புதிய கொதிநிலை.

தண்ணீருக்குப் போட்டுப் பார்ப்போம். ஆவியாதல் வெப்பம் மோலுக்கு 40,700 ஜூல். 760இலிருந்து 55 மி.மீ.க்குக் கணக்கிட்டால் சுமார் 38 டிகிரி வருகிறது. உண்மை 40. இரண்டு டிகிரி பிசகுவதற்குக் காரணம், ஆவியாதல் வெப்பம் மாறாது என்று சமன்பாடு நம்புவது. நிஜத்தில் வெப்பநிலை குறையக் குறைய அது கூடும். ஆவியாதல் வெப்பமே தெரியாத புதுப் பொருளுக்கு, கெல்வினில் சாதாரணக் கொதிநிலையை 88ஆல் பெருக்கிக்கொள்ளலாம். தண்ணீர், ஆல்கஹால் போன்றவற்றுக்கு இது சரிவராது.

மூன்று கோடு போட்ட நோமோகிராஃப் படத்தில் ஸ்கேல் வைத்துப் பார்ப்பதும் இதே வேலைதான். அதில் வரும் எண்ணுக்கு இருபுறமும் பத்து டிகிரி இடம் விட்டு ரிசீவர் (வடிந்ததைப் பிடிக்கும் குடுவை) மாற்றத் தயாராக இருங்கள்.

கேஜ் 700 காட்டுகிறது. நீங்கள் 60 என்கிறீர்கள். எது சரி?

இரண்டும். முள் கேஜ், வெளிக்காற்றைவிட எவ்வளவு குறைந்திருக்கிறது என்று காட்டுகிறது. உள்ளே எவ்வளவு மிச்சம் என்று நான் சொல்கிறேன். 760இல் 700 போனால் 60. மருந்துத் தொழிற்சாலை பேட்ச் ரெக்கார்டில் ‘வேக்குவம் 650க்குக் குறையக் கூடாது’ என்று இருந்தால், உள்ளே 110 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்று பொருள்.

இதில் இரண்டு வம்பு உண்டு. முதலாவது, இந்தக் கணக்கு கடல்மட்டத்துக்கு மட்டும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெளிக்காற்றே 580 மி.மீ. அளவுதான். உலகத்தின் மிக நல்ல பம்பை மாட்டினாலும் அந்தக் கேஜ் 700ஐத் தொடாது. பம்பைக் கழற்றி மெக்கானிக்கிடம் அனுப்புவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

இரண்டாவதுதான் பெரிது. சாதாரண முள் கேஜ் பத்து மி.மீ. முன்னே பின்னே காட்டுவது சகஜம். 400இல் பத்து தப்பினால் யாருக்கும் ஒன்றுமில்லை. 750 காட்டும் இடத்தில் பத்து தப்பினால்? உள்ளே இருப்பது 20ஆ, ஒன்றுமே இல்லையா என்று தெரியாது. கிளிசரால் கணக்கில் 20க்கும் 1க்கும் இடையே 57 டிகிரி. 20 மி.மீ.க்குக் கீழே வேலை செய்கிறவர் முழு அழுத்தம் காட்டும் டிஜிட்டல் கேஜ் வாங்கியே ஆக வேண்டும். பிரானி கேஜ் (வாயு கடத்தும் வெப்பத்தை வைத்து அழுத்தம் சொல்வது) வைத்திருந்தால் ஒரு எச்சரிக்கை: அது காற்றுக்கு அளவு திருத்தப்பட்டது, சால்வென்ட் (கரைப்பான்) ஆவியைப் பார்த்தால் வேறு எண் சொல்லும்.

பம்ப் கேட்லாக்கில் 0.001 மில்லிபார். என் குடுவையில் 8 மில்லிபாருக்குக் கீழே இறங்கவே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றவில்லை. கேட்லாக் எண், பம்பின் வாயை மூடிவைத்து, புது ஆயில் ஊற்றி அளந்தது. உங்கள் குடுவையில் திரவம் கொதித்துக்கொண்டிருக்கிறது.

கொதிக்கும் திரவம் தன் அழுத்தத்தைத் தானே உண்டாக்குகிறது. 18 கிராம் தண்ணீர், அதாவது ஒரு வாய்க்கு ஒரு மடக்கு, 1 மில்லிபாரில் ஆவியானால் கிட்டத்தட்ட 25 கன மீட்டர் இடம் பிடிக்கும். ஒரு சின்ன அறை. அதைக் கண்டென்சர் திரும்பத் திரவமாக்காவிட்டால் மணிக்கு 5 கன மீட்டர் இழுக்கும் பம்ப் அதை வெளியேற்ற ஐந்து மணி நேரம் எடுக்கும். நிஜத்தில் ஆவியை ‘இழுப்பது’ பம்ப் இல்லை, கண்டென்சர். பம்பின் வேலை உள்ளே இருக்கும் காற்றையும் கசிந்து வரும் காற்றையும் அப்புறப்படுத்துவது மட்டும்.

அடுத்தது டியூப். இரண்டு மீட்டர் நீளத்தில் விரல் நுழையாத டியூபைப் போட்டுவிட்டுப் பம்பைக் குறை சொல்லக் கூடாது. அழுத்தம் இறங்க இறங்க மெல்லிய டியூபின் தடை பெரிதாகிக்கொண்டே போகும். கேஜைப் பம்ப் பக்கத்தில் மாட்டியிருந்தால் அது பம்பின் சுகத்தைத்தான் சொல்லும். குடுவை நிலவரம் தெரியாது.

ஆயிலையும் பாருங்கள். சால்வென்ட் கலந்த ஆயிலுக்கு அந்தச் சால்வென்டின் ஆவி அழுத்தம் வந்துவிடும். பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் ஏறியிருக்கிறது. கேஸ் பேலஸ்டை (பம்புக்குள் கொஞ்சம் காற்று விடும் வால்வு) திறந்து அரைமணி ஓடவிட்டுப் பாருங்கள், தெளியவில்லை என்றால் மாற்றுங்கள்.

குழாய்த் தண்ணீரில் ஓடும் ஆஸ்பிரேட்டர் போதுமா?

ஆஸ்பிரேட்டர் என்பது ஓடும் தண்ணீரால் காற்றை இழுக்கும் சிறு குழாய். அதற்கு ஒரு தரை உண்டு: அந்தத் தண்ணீரின் சொந்த ஆவி அழுத்தம். குளிர்நாட்டுக் குழாயில் 10 டிகிரித் தண்ணீர் வந்தால் 9 மி.மீ. வரை இறங்கலாம். அங்கே எழுதிய செய்முறைக் குறிப்பில் ‘ஆஸ்பிரேட்டர் வேக்குவத்தில் வடிக்கவும்’ என்று ஒரே வரியில் இருக்கும். நம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் நல்ல நாளில் 30 டிகிரி. தரை 32 மி.மீ. மே மாத மத்தியானம் 35 டிகிரி ஆனால் 42. அதே செய்முறை, அதே பொருள், நமக்கு இருபது முப்பது டிகிரி மேலே வடியும். யாருடைய கையும் தப்பு செய்யவில்லை.

தொழிற்சாலை வாட்டர் ரிங் பம்புக்கும் இதுவே விதி. கேட்லாக்கின் 33 மில்லிபார், 15 டிகிரித் தண்ணீருக்குச் சொன்னது. கூலிங் டவர் 32 டிகிரி கொடுக்கும் ஊரில் அந்த எண்ணைக் கேட்டு அடம்பிடித்தால், பம்புக்குள் தண்ணீரே கொதித்துக் கல் உருள்வது போல் சத்தம் வரும்.

அப்படியானால் கிடைக்கிற வேக்குவத்தை முழுக்கப் போட்டுவிட வேண்டியதுதானே?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன். கூடாது.

வடிப்பது என்றால் இரண்டு வேலை: இங்கே ஆவியாக்குவது, அங்கே மறுபடி திரவமாக்குவது. வேக்குவம் கூடினால் முதல் வேலை சுலபம். இரண்டாவது? 33 டிகிரித் தண்ணீர் ஓடும் கண்டென்சரில் எத்தனாலின் ஆவி அழுத்தம் 90 மி.மீ.யைத் தாண்டும். நீங்கள் 60 மி.மீ. போட்டால் எத்தனாலுக்கு அந்தக் கண்டென்சர் அடுப்பு மாதிரி. அங்கே திரவமாக நிற்க அதற்கு இடமே இல்லை. நேராகப் பம்புக்குப் போகும். நான் சேர்ந்த புதிதில் ஒரு மே மாதம், ரிசீவரில் சொட்டு விழவில்லையே என்று வேக்குவத்தை இன்னும் கூட்டினேன். குடுவை காலியானது, ரிசீவரும் காலி. ஒரு லிட்டருக்கு மேல் எத்தனால் பம்ப் ஆயிலிலும் எங்கள் மூக்கிலும் போய்ச் சேர்ந்தது.

ஆக அழுத்தத்துக்கு மேலே ஒரு வரம்பு, கீழே ஒரு வரம்பு. மேல் வரம்பைப் பொருள் தீர்மானிக்கிறது: எந்தச் சூட்டில் அது கெடுமோ, அந்தச் சூட்டில் அதன் ஆவி அழுத்தம். கீழ் வரம்பைக் குளிர்நீர் தீர்மானிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். ரோட்டாவேப்பர்காரர்கள் சொல்லும் 60-40-20 விதி இதுதான்: பாத் (குடுவையைச் சூடாக்கும் தொட்டி) 60, ஆவி 40, குளிர்நீர் 20. எத்தனால் 40இல் கொதிக்க 135 மி.மீ. போதும். சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) இல்லாமல் 33 டிகிரித் தண்ணீர்தான் என்றால் மூன்றையும் சேர்த்து மேலே தூக்குங்கள்: 220 மி.மீ., ஆவி 50, பாத் 70. வேக்குவத்தைக் குறைத்தால் சொட்டு வேகமாக விழுவதைப் பார்த்துப் பிள்ளைகள் முதல்முறை நம்ப மாட்டார்கள்.

புது பம்ப் வாங்கித் தாருங்கள் என்று யாராவது கேட்டால், குளிர்நீர் எத்தனை டிகிரி என்று நான் திருப்பிக் கேட்கிறேன். பாதிப் பேருக்கு அப்போதே வேண்டியது சில்லர் என்று தெரிந்துவிடுகிறது.

இந்த இரண்டு வரம்புக்கு நடுவே வேலை செய்யும் பெரிய ஆலை ஏதாவது உண்டா?

லட்சத்தீவில், கவரத்தியில் இருக்கிறது. சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005இல் அங்கே ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் தரும் நிலையத்தை அமைத்தது. மினிக்காயிலும் அகத்தியிலும் 2011இல் வந்தன. அடுப்பு கிடையாது. கடலின் மேல்மட்டத் தண்ணீர் சுமார் 28 டிகிரி. அதுதான் கொதிக்க வேண்டியது. சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து குழாய் வழியே எடுக்கும் தண்ணீர் 12, 13 டிகிரி, அதுதான் குளிர்நீர்.

வரம்புகளை நாமே கண்டுபிடிக்கலாம். 28 டிகிரியில் தண்ணீரின் ஆவி அழுத்தம் 28 மி.மீ. அதற்கு மேல் போனால் கொதிக்காது. (கடல்நீரின் உப்பு இதைக் கொஞ்சம் இறக்கும்.) 12 டிகிரியில் 10.5 மி.மீ. அதற்குக் கீழே போனால் ஆவி குளிராது. இந்தப் பதினேழு பதினெட்டு மி.மீ. இடுக்கில்தான் முழு நிலையமும் நிற்கிறது. கொதிக்கத் தேவையான வெப்பத்தையும் அந்தத் தண்ணீரே தன் சூட்டிலிருந்து தர வேண்டும். ஆறு டிகிரி குளிர்ந்தால் கிடைக்கும் வெப்பம் நூற்றில் ஒரு பங்கைத்தான் ஆவியாக்கும். ஒரு குடம் குடிநீருக்கு நூறு குடம் கடல்நீர் உள்ளே போய் வெளியே வர வேண்டியிருப்பது அதனால்தான்.

வேக்குவத்தில் திரவம் ஏன் இப்படித் திடீரென்று பொங்கித் தெறிக்கிறது?

திரவத்தின் எடை. 10 செ.மீ. ஆழத் தண்ணீர் 7.4 மி.மீ. அழுத்தம் தரும். 760இல் அது ஒரு பொருட்டே இல்லை, கொதிநிலை கால் டிகிரி சொச்சம் கூடும். 10 மி.மீ.யில் மேற்பரப்பு 11 டிகிரியில் கொதிக்க, அடியில் இருப்பது 20 டிகிரி வரை காத்திருக்கும். காத்திருந்தது ஒரே நேரத்தில் கிளம்பினால் கண்டென்சர் வரை வரும். குடுவையைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். வேக்குவத்தை முதலில் மெதுவாக, பிறகு சூட்டை. கொதிகற்களை நம்ப வேண்டாம், அவற்றின் துளைகளில் உள்ள காற்றை வேக்குவம் முதலிலேயே உறிஞ்சிவிடும். காந்தக் கிளறி நல்லது. இல்லையென்றால் திரவத்துக்குள் சன்னமாகக் காற்று விடும் நுண்குழாய்.

கசிவு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

காலிக் குடுவையோடு வேக்குவம் போட்டு, பம்ப் பக்க வால்வை மூடிவிட்டுக் கேஜைப் பாருங்கள். பத்து லிட்டர் அமைப்பில் பத்து நிமிடத்தில் 6 மில்லிபார் ஏறினால், கசிவு நொடிக்கு 0.1 மில்லிபார்-லிட்டர். நொடிக்கு ஒரு லிட்டர் இழுக்கும் பம்பால் 0.1 மில்லிபாருக்குக் கீழே போக முடியாது. ரோட்டாவேப்பருக்கு இது ஒன்றுமே இல்லை. மூலக்கூறு வடிப்புக்கு (கீழே வரும் 0.001 மில்லிபார் வேலை) ஆகவே ஆகாது. நேர்கோட்டில் ஏறிக்கொண்டே போனால் கசிவு. கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் உள்ளே எங்கோ சால்வென்ட் மிச்சம் இருக்கிறது.

காலம் (column, ஆவி ஏறிப் போகும் செங்குத்துக் குழாய்) பொருத்தினால் வேக்குவம் கெடுமா?

கெடும், அதுவும் அடியில். ஒவ்வொரு தட்டும் ஆவிக்கு ஒரு தடை. தட்டுக்கு 5 மி.மீ. என்றால் பத்துத் தட்டுக்கு 50. மேலே 10 மி.மீ. காட்டும்போது அடியில் 60. கிளிசராலுக்கு மேலே 167, அடியில் 208. கெடக்கூடிய பொருள் இருப்பதோ அடியில். ஆழ்ந்த வேக்குவத்துக்குத் தட்டுகளை விட்டுவிட்டு மடிப்புத் தகடு பேக்கிங் போடுவது இதனால்தான்.

வேக்குவத்தில் வடித்தால் பிரிப்பும் நன்றாக இருக்குமா?

பெரும்பாலும். எத்தனால்–தண்ணீர் நல்ல உதாரணம்: 760இல் எடையில் 95.6 சதவீதத்தோடு நின்றுவிடும். சுமார் 70 மி.மீ.க்குக் கீழே அந்த முட்டுக்கட்டையே மறைந்துவிடும். ஆனால் அங்கே ஆவி 28 டிகிரிக்குக் கீழே; அதைக் குளிர்விக்கும் செலவைக் கேட்டால் மூலக்கூறுச் சல்லடையே (தண்ணீரை மட்டும் பிடித்துக்கொள்ளும் மணிகள்) தேவலை.

0.001 மில்லிபாருக்கு யார் போகிறார்கள்?

மீனெண்ணெய், வைட்டமின் ஈ வடிப்பவர்கள். அந்த அழுத்தத்தில் காற்றின் ஒரு மூலக்கூறு இன்னொன்றை முட்டாமல் சுமார் 7 செ.மீ. போகும். ஆகவே கண்டென்சரைச் சூடான பரப்புக்கு எதிரிலேயே, சில செ.மீ. தூரத்தில் வைத்துவிடுகிறார்கள். நடுவில் டியூபும் இல்லை, வளைவும் இல்லை.

வேக்குவமே இல்லாமல் கொதிநிலையைக் குறைக்க முடியாதா?

முடியும், எண்ணெய் தண்ணீரில் கரையாததாக இருந்தால். நீலகிரித் தைலத்தின் முக்கியச் சரக்கான சினியோல் தனியாக 176 டிகிரியில் கொதிக்கும். நீராவியோடு சேர்த்தால் இரண்டின் ஆவி அழுத்தமும் கூட்டாக 760ஐ எட்டினால் போதும். 100க்குச் சற்றுக் கீழேயே இரண்டும் சேர்ந்து வந்துவிடும். மலைமேல் தைலம் வடிப்பவர்களுக்குப் பம்பும் கேஜும் தேவைப்படாததற்கு இதுதான் காரணம்.

டி.எம்.எஸ்.ஓ. (டைமெதில் சல்ஃபாக்சைடு என்ற சால்வென்ட்) வடிக்கும்போது கண்டென்சர் அடைத்துக்கொண்டது.

சில்லரை 5 டிகிரியில் வைத்திருப்பீர்கள். டி.எம்.எஸ்.ஓ. 18.5 டிகிரியிலேயே உறையும். குளிர்நீரை 25க்கு ஏற்றுங்கள். கூடுதல் குளிர் எப்போதும் நல்லது என்று நான் மேலே சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கோனிக்கல் ஃப்ளாஸ்கை (தட்டை அடி கொண்ட கூம்புக் குடுவை) ரிசீவராக வைக்கலாமா?

கூடாது. இரண்டு லிட்டர் உருண்டைக் குடுவையின்மீது வெளிக்காற்று மொத்தமாக 900 கிலோ அளவுக்கு அமுக்குகிறது. உருண்டை தாங்கும், தட்டை அடி தாங்காது. நட்சத்திர விரிசல் விழுந்த குடுவையும் அப்படித்தான். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

நிறுத்தும்போது எதை முதலில் நிறுத்துவது?

சூட்டை. பாத்தை இறக்கி, குடுவை கைபொறுக்கும் சூட்டுக்கு வரட்டும். சூடான எச்சத்தின்மீது காற்று பட்டால் சிலது கருகும், சிலது பற்றிக்கொள்ளும். பிறகு காற்றை மெதுவாக உள்ளே விடுங்கள். பம்ப் கடைசியில். முதலில் பம்பை அணைத்தால் ஆயில் பின்னால் ஏறி டியூபுக்குள் வந்துவிடும். அதைத் துடைக்கும் வேலை அன்று மாலை யாருக்கு என்பதில் எங்கள் ஆய்வகத்தில் மாற்றுக்கருத்தே கிடையாது.